இருமல் சாட்சி

திங்கட்கிழமை காலையில் நித்திலா ஸ்கூட்டியை ஸ்டாண்டு போடுவதற்குள் ஹேச்சரிக்குள் செய்தி போய்விடும். கேட்டைத் திறந்துவிடும் வாட்ச்மேன் உள்பக்கம் திரும்பி, "மூக்கி வந்துட்டா!" என்று கத்துவான். உள்ளே இருப்பவர்களை உஷார்ப்படுத்தத்தான் அந்தக் கத்தல். அவள் காதிலும் விழட்டும் என்ற எண்ணமும் அதில் உண்டு.

வேலை உத்தரவில் அவள் பதவிக்கு 'உணர்வுச் சாட்சி' என்று கௌரவமாகப் பெயர் போட்டிருந்தார்கள். அந்தப் பெயரால் யாரும் அவளைக் கூப்பிட்டதில்லை. ஹேச்சரியில் மூக்கி. ஆஸ்பத்திரியில் 'அந்த இருமல் லேடி'. பஸ் டிப்போவில் அவளுக்குப் பெயரே கிடையாது. அவள் தலையைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிடுவார்கள், அவ்வளவுதான்.

நாமக்கல்லைத் தாண்டி, சோளக்காடுகளுக்கு நடுவே இருந்தது அந்தக் குஞ்சு பொரிப்பகம். குஞ்சு ரூம் கதவைத் திறந்தால் டிரே டிரேயாக மஞ்சள் குஞ்சுகள் கத்திக்கொண்டிருக்கும். மேலே ஓடும் குழாய்களிலிருந்து தூயன் மூடுபனிபோல் இறங்கும். பறவைக் காய்ச்சல் மனிதர்களுக்குத் தொற்றி, வீடு வீடாக ஆட்களை வாரிக்கொண்டு போன காலத்தில் கண்டுபிடித்த கிருமிநாசினி அது. தூயனுக்கு முன்னால் எந்தக் கிருமியும் நிற்காது என்றார்கள். உண்மைதான், நிற்கவில்லை. ஆனால் மனிதர்களாலும் அதற்கு முன்னால் நிற்க முடியவில்லை. கண் எரிந்தது, தொண்டை கமறியது, வேலைக்கு வந்தவர்கள் பாதியில் ஓடினார்கள். அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தோளில் ஒரே ஒரு ஊசி. போட்டுக்கொண்டால் பிறகு ஆயுசுக்கும் எரியாது. வெங்காயம் நறுக்கினால் கண்ணீர் வராது, மிளகாய் வறுத்தால் கமறாது. ஜனங்கள் அதற்கு அமைதி ஊசி என்று பெயர் வைத்தார்கள்.

நித்திலாவும் போட்டுக்கொண்டவள்தான். ஒரு முறைக்கு இரு முறை போட்டும் அவள் உடம்பில் ஏறவில்லை. அப்படிச் சிலர் இருந்தார்கள். ஊசி ஏறாதவர்களுக்குத் தூயன் அடிக்கிற இடம் எதிலும் வேலை இல்லை, இந்த ஒரு வேலையைத் தவிர.

அன்றைக்கு அவள் குஞ்சு ரூம் நடுவில் நின்று மூச்சை இழுத்தாள். மூக்கின் அடியில் சுரீர் என்றது. கண்ணில் நீர் முட்டியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருமியபடியே போய்ச் சுவரிலிருந்த சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். குழாய்கள் நின்றன. டிரேக்களை நகர்த்தும் பெல்ட் நின்றது. குஞ்சுகள் மட்டும் கத்திக்கொண்டிருந்தன.

"ஆச்சு. இன்னைக்குப் பொழப்பு முடிஞ்சுது," என்று யாரோ கையுறையைக் கழற்றித் தரையில் அடித்தார்கள்.

சூப்பர்வைசர் சென்னியப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "எத்தன நேரம் நிக்கோணும்?"

"காத்து மாறற வரைக்கும்ங்ண்ணா. அந்த ஃபேன் ஓடவே இல்ல, பாருங்க."

"ஃபேன் ஓடுனா குஞ்சுக்குக் குளிரு புடிக்குது. குஞ்சு செத்தா உங்கொப்பனா வந்து குடுப்பான்?"

நித்திலா துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்போது டிரேக்களுக்குப் பின்னாலிருந்து மிதுனா முன்னால் வந்தாள். ஹேச்சரியில் வேகமான கை அவளுடையது. குஞ்சைத் தூக்கி ஆணா பெண்ணா என்று பார்த்துப் பிரிக்கும்போது விரல்கள் கண்ணுக்குத் தெரியாது. வயிறு மேடிட்டிருந்தது. கர்ப்பம் தொடங்கியதிலிருந்து அவள் வாய் இன்னும் நீண்டிருந்தது.

"இங்க யாருக்காச்சும் கண்ணு எரியுதா? எரியறவங்க கையத் தூக்குங்க," என்றாள் மிதுனா, எல்லோரையும் பார்த்து. யாரும் தூக்கவில்லை. சிலர் சிரித்தார்கள். "பாத்தியா? இத்தன பேருக்கு எரியல. உனக்கு மட்டும் எரியுதுன்னா கோளாறு மருந்துலயா, உன்ற மூக்குலயா?"

"உங்களுக்கு எரியறது நிக்கல மிதுனா. எரியறது தெரியறதுதான் நின்னுபோச்சு," என்றாள் நித்திலா. "அந்த ஊசி அவ்வளவுதான் பண்ணும். நரம்பு போயி மண்டைக்குச் சொல்ற வழிய அடைச்சு வெச்சுரும். நுரையீரல் வெந்துபோனாக்கூட உங்களுக்கு ஒரு இருமல் வராது."

"வெந்தா வேவுட்டும். என்ற நுரையீரல். உனக்கு என்ன வந்துச்சு?"

"வயித்துல புள்ள இருக்குதே."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. மிதுனாவின் முகம் மாறிவிட்டது. "என்ற புள்ளயப் பத்தி உன்ற வாயில வந்துச்சு, அந்த வாயக் கிழிச்சுப்போடுவேன்," என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். அதனால்தான் நித்திலா ஓரடி பின்வாங்கினாள்.

புதன்கிழமைகளில் ஆஸ்பத்திரி. வயிற்றுக்குள் விட்டுப் பார்க்கும் கேமராக் குழாய்களைக் கழுவுகிற அறை அது, ஜன்னல் இல்லை. தொட்டிகளில் தூயன் நிரம்பியிருக்கும். நர்ஸுகள் முழங்கைவரை உறை போட்டுக்கொண்டு, அந்தத் தொட்டிகளின் மேல் குனிந்தபடி நாள் முழுக்க நிற்பார்கள். அவள் இருமியதும் அறையைப் பூட்டுவார்கள். வெளியே நாற்காலிகளில் வெறும் வயிற்றோடு காத்திருக்கும் நோயாளிகளிடம், "இன்னைக்கு இல்லைங்க, நாளைக்கு வாங்க," என்பார்கள். ஏன் என்று கேட்டால் நித்திலாவைக் கை காட்டுவார்கள். ஒரு முறை, தன் அம்மாவைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்திருந்த ஒருவன் அவள் முன்னால் வந்து காறித் துப்பினான்.

அந்தப் பிரிவின் டாக்டர் அருள்வேலன் துப்புகிறவர் அல்ல. உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்துப் பேசுவார்.

"அம்மா, எங்க மீட்டர் எல்லாம் அளவுக்குள்ளதான் காட்டுது. நீங்க பாத்தீங்கல்ல?"

"மீட்டரத் திருப்பி வெக்கிறாங்கன்னுதானுங்களே கோர்ட்ல எங்களப் போடச் சொன்னாங்க. அது போக, அந்த அளவே முன்ன இப்படி இல்லைங்களே டாக்டர். கொஞ்சூண்டுதான இருந்துச்சு."

டாக்டர் சிரித்தார். "அந்தக் கொஞ்சூண்ட எப்படி முடிவு பண்ணாங்க தெரியுமா? எந்த அளவுல ஆளுங்க கண்ணு எரியுதுன்னு சொல்ல ஆரம்பிச்சாங்களோ, அதுக்குக் கொஞ்சம் கீழ ஒரு கோடு போட்டாங்க. இப்ப யாரும் எரியுதுன்னு சொல்றதே இல்ல. கோட்ட மேல நகத்திட்டாங்க. தப்பு எங்க இருக்கு?"

தப்பு எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. அதை அவருடைய பாஷையில் சொல்லத்தான் தெரியவில்லை. தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்தாள்.

வெள்ளிக்கிழமை டிப்போ. வெளியூர் போய் வந்த பஸ்களுக்குள் ஏறி, சீட்டுச் சீட்டாகத் தூயன் அடிக்கிற ஆட்கள் அங்கே இருந்தார்கள். கண்ணாடி ஏற்றிய பஸ்ஸுக்குள் அவள் ஏறி நிற்க வேண்டும். ஒரு நாள் ஏறியதும் யாரோ வெளியிலிருந்து கதவைச் சாத்திவிட்டார்கள். கண்ணாடியைத் தட்டித் தட்டி அவள் கை வீங்கிப் போனது. திறந்துவிட்டவன், "தானா பூட்டிக்கிச்சுங்," என்றான். முகத்திலிருந்த சிரிப்பைக்கூட அவன் மறைக்கவில்லை.

இப்படி ஒவ்வொரு இடத்திலும் வாங்கிய வசவையெல்லாம் அவள் துடைத்துப் போட்டுவிட்டு வந்துகொண்டிருந்தாள். அவளும் ஒன்றும் சாது இல்லை. ராத்திரி படுக்கையில் அவர்கள் ஒவ்வொருவரையும் பேர் சொல்லித் திட்டிவிட்டுத்தான் தூங்குவாள். ஆனால் காலையில் எழுந்து போய் மூச்சை இழுத்து, இருந்ததை இருந்தபடி சொன்னாள். பிடிக்காதவர்களின் உயிரையும் காக்க வேண்டியிருக்கிறது என்பதில் அவளுக்கு ஒரு வீம்பான பெருமைகூட இருந்தது.

அது உடைந்தது ஹேச்சரியின் சாப்பாட்டுக் கொட்டகையில்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு திங்கட்கிழமை, கொட்டகையின் ஒரு மூலையில் அவள் டப்பாவைத் திறந்து சாப்பிட உட்கார்ந்தாள். அவளைக் கண்டால் விலகிப் போகிறவர்கள் அன்றைக்கு வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். ஆச்சரியமாக இருந்தது. ஒரு பெண், "ரசம் வேணுமா?" என்றுகூடக் கேட்டாள். நித்திலா டப்பாவை நீட்டினாள். அந்த நேரத்தில் அவள் முதுகுக்குப் பின்னால் மிதுனா அடுப்பில் வாணலியை வைத்து, ஒரு கை வரமிளகாயை அள்ளிப் போட்டாள்.

புகை எழும்பியது. சுற்றியிருந்த அத்தனை பேரும் சாதாரணமாகச் சோறு தின்றார்கள். நித்திலாவுக்கு மட்டும் மூச்சு அடைத்தது. எழுந்திருக்கப் பார்த்தாள், இரண்டு பக்கமும் ஆட்கள். இருமி இருமி, வாயிலிருந்த சோறு டப்பாவில் விழுந்தது. மூக்கு ஒழுகியது. மூத்திரம் போய்ச் சுடிதார் நனைந்ததை எல்லோரும் பார்த்தார்கள். மிதுனா போனை நீட்டிப் படம் பிடித்தபடி, "பாருங்க சார், மொளகாய்க்கும் இதே இருமல்தான். இந்த மூக்க நம்பித்தான் எங்க வேலைய நிறுத்துறாங்க," என்றாள்.

படம் சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் போய்விட்டது. மறுநாள் ஏஜென்சியிலிருந்து பிரகதீஸ் கூப்பிட்டான். அவளை வேலைக்கு அனுப்புகிறவன் அவன்தான்.

"நித்திலாக்கா, கம்பெனிக்காரங்க எல்லாரும் அந்த வீடியோவத்தான் அனுப்புறாங்க. உங்க மூக்கு சரியில்லைன்னு எழுதிக் குடுத்துட்டா, நான் என்ன பண்றது?"

"மொளகா வறுத்தா யாருக்குத்தான் இருமல் வராது பிரகதீஸ்?"

"யாருக்கும் வராதுங்க்கா," என்றான் அவன். கேலி செய்யவில்லை. யோசித்துப் பார்த்துத்தான் சொன்னான். "நான் சின்ன வயசுலயே ஊசி போட்டவன். எனக்கு அது எப்படி இருக்கும்னே தெரியாது."

அடுத்த திங்கட்கிழமை அவள் கேட்டைத் தாண்டியபோது வாட்ச்மேன் மூக்கி என்று கத்தவில்லை. பொய்யாக இருமிக் காட்டினான். முட்டை ரூமிலிருந்தும் ஒருத்தி இருமினாள். அது உள்ளே உள்ளே பரவி, குஞ்சு ரூம் வரை ஆளாளுக்கு இருமிச் சிரித்தார்கள்.

அவள் கதவைத் திறந்து உள்ளே போனாள். ஃபேன் ஓடவில்லை. காற்றுப் போக இருந்த ஜன்னலையும் மழைக்காகச் சாக்குப் போட்டு அடைத்திருந்தார்கள். மூச்சை இழுக்கவே வேண்டியிருக்கவில்லை, வாசலிலேயே தெரிந்தது. இதுவரை இவ்வளவு கடுமையை அவள் எங்கும் உணர்ந்ததில்லை. கண்ணுக்குள் மண்ணை அள்ளிப் போட்டதுபோல் இருந்தது.

மிதுனா டிரேக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். தலையைத் திருப்பி, இரண்டு விரலால் மூக்கைப் பிடித்துக் காட்டினாள்.

நித்திலா பல்லைக் கடித்தாள். தொண்டையில் ஏறி வந்த இருமலை எச்சிலோடு சேர்த்து விழுங்கினாள். இன்னொன்று வந்தது. அதையும் விழுங்கினாள். விலா எலும்புகள் உள்ளுக்குள்ளேயே குலுங்கின. சாவுங்கடி, என்று நினைத்துக்கொண்டாள். அந்த வார்த்தையைத்தான் நினைத்தாள். பிறகு நேராக நடந்து அறையைச் சுற்றி வந்து, வாசலில் நின்ற சென்னியப்பனிடம், "சரியாத்தானுங் இருக்குது," என்றாள்.

அவர் நம்பாமல் பார்த்தார். "கண்ணு செவந்திருக்குதே?"

"தூக்கமில்லீங்ண்ணா."

பச்சை விளக்கு எரிந்தது. உள்ளே யாரோ கைதட்டினார்கள். அவள் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு, மழையில் நனைந்தபடி ரோட்டோரத்துப் புளியமரம் வரைக்கும் போய், அங்கே இறங்கி மரத்தைப் பிடித்துக்கொண்டு இருமினாள். இருமி முடித்ததும் திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. போகவில்லை. ஒரு நாளில் என்ன ஆகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மத்தியானத்துக்குமேல் மிதுனா ஸ்டூலிலிருந்து சரிந்தாள். சரிகிறவரை அவள் இருமவில்லை, மூச்சு முட்டுகிறது என்றுகூடச் சொல்லவில்லை. கை மட்டும் வேகம் குறைந்துகொண்டே வந்ததாகவும், உதடு நீலமாகப் போனபோதுதான் பார்த்ததாகவும் பக்கத்தில் இருந்தவர்கள் பிற்பாடு சொன்னார்கள். நுரையீரலில் நீர் கோத்திருந்தது. அதே ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்து, குறை மாதத்தில் ஆண் குழந்தையை எடுத்தார்கள்.

நித்திலா போனாள். வார்டு வாசலில் மிதுனாவின் மாமியார் வழிமறித்தாள். "நீ எதுக்கு வந்த? இங்கயும் இருமி, அவளுக்கு ஏத்தற காத்தையும் நிறுத்தப் போறயா?" சாட்சி சரி என்று சொன்னதை மாமியார் கேள்விப்பட்டிருந்தாள், அதனால் மருந்தின் மேல் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. மிளகாய் வறுத்ததற்காக இவள் விட்ட சாபம் என்று நம்பினாள். நித்திலாவுக்கு அந்த நம்பிக்கையை மறுக்கத் தோன்றவில்லை.

விசாரணை நடந்தது. கம்பெனி தரப்பில், கர்ப்ப காலத்தில் வரும் இயற்கையான நோய் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். நித்திலா வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். விசாரணை அதிகாரி ஒரு சடங்குக்காகத்தான் அவளைக் கூப்பிட்டு, "அன்னைக்கு அறை சரியா இருந்துச்சா?" என்று கேட்டார்.

"இல்லீங்."

அதிகாரி நிமிர்ந்தார். "சரின்னுதானே சொல்லியிருக்கீங்க?"

"சொன்னனுங். ஃபேன் ஓடல, ஜன்னலு அடச்சிருந்துச்சு. நான் பாத்ததுலயே அன்னைக்குத்தான் ரொம்ப மோசம். எனக்கு இருமல் வந்துச்சு. அடக்கிட்டு வெளிய வந்துட்டேன்."

"ஏன்?"

அவள் மிதுனாவைப் பார்த்தாள். மிதுனா சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், பாதி ஆளாகிவிட்டிருந்தாள். "அவங்க மேல இருந்த ஆத்திரத்துல," என்றாள் நித்திலா.

கூடத்தில் சலசலப்பு எழுந்தது. கம்பெனி வக்கீல் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார். தான் சிரிப்பதை யாரும் பார்க்கக் கூடாது என்று குனிந்தார் போலிருந்தது. பிறகு எழுந்து ரொம்பப் பணிவாகப் பேசினார். ஐயா, ஓடாத ஃபேனைப் பற்றி நாங்கள் வருந்துகிறோம். ஆனால் இத்தனை பேருடைய பாதுகாப்பை, ஆத்திரம் வந்தால் பொய் சொல்லக்கூடிய ஒரு மூக்கை நம்பி விட்டிருக்கிறோமே, அதுவல்லவா பெரிய ஆபத்து? மீட்டருக்கு ஆத்திரம் வருமா?

தீர்ப்பு அவர் சொன்னபடியே வந்தது. உணர்வுச் சாட்சி என்ற பதவியை எல்லா இடங்களிலும் எடுத்துவிட்டார்கள். ஹேச்சரிக்கு ஒரு எச்சரிக்கை. அவ்வளவுதான்.

வெளியே வராந்தாவில், நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு மிதுனா அவள் அருகில் வந்தாள். பேசுவதற்கு அவள் இப்போது மூச்சைச் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

"நான் உள்ள இருக்கறதப் பாத்துட்டேவா?"

"பாத்துட்டேதான்."

மிதுனா நாற்காலியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். அவள் அறைந்திருந்தால் நித்திலாவுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அதன்பிறகு நித்திலாவுக்குக் கிடைத்த வேலை, மாவெடுத்தபின் மிஞ்சும் மரவள்ளிக் கிழங்குத் திப்பியை மாட்டுத் தீவனத்துக்காகக் காயவைக்கிற களத்தில்தான். திறந்தவெளி, தூயன் அடிக்க அங்கே கூரையே இல்லை. வெயிலில் நின்று நாள் முழுக்கக் கிளறிக் கொடுக்க வேண்டும். புளித்த நாற்றம் அடிக்கும். ஆனால் எரியாது. யாரும் அவளோடு பேச வேண்டிய அவசியமும் இல்லாத வேலை.

கோடை தொடங்கிய சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வாடகை அறையின் கதவை யாரோ தட்டினார்கள். திறப்பதற்குள்ளேயே நித்திலாவின் தொண்டை கமறியது. பல மாதங்களாக மறந்திருந்த கமறல். திறந்தாள். இப்போது சக்கர நாற்காலி இல்லாமல் மிதுனா நின்றாள். இடுப்பில் இருந்த குழந்தை வீரிட்டு அழுதுகொண்டிருந்தது.

"உன்ற வாசப்படி மிதிக்கோணும்னு எனக்குத் தலையெழுத்து," என்றாள் மிதுனா. "உள்ள வரல. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிருவேன்."

நித்திலா இருமிக்கொண்டே தலையசைத்தாள்.

"இவன் என்ற கிட்ட வந்தாலே அழுவுறான். மாமியா தூக்குனா சிரிக்கிறான், பக்கத்து வீட்டுக்காரி தூக்குனா சிரிக்கிறான். நான் தூக்குனா மூஞ்சியத் திருப்பிட்டுக் கத்துறான். பாலு குடிக்க மாட்டேங்கறான். பெத்தவள ஆகல இவனுக்குன்னு வீட்ல பேசறாங்க. டாக்டரப் பாத்தாச்சு. ஒண்ணுமில்லைங்கறாரு." அவள் மூச்சு வாங்க நிறுத்தினாள். "என்ற மேல ஏதாச்சும் இருக்குதா? எனக்குத் தெரிய மாட்டேங்குது. மோந்து பாத்துச் சொல்றதுக்கு உன்ன விட்டா ஆளில்ல."

"மோந்து பாக்கவே வேண்டாம். கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கறப்பவே தெரிஞ்சுது," என்றாள் நித்திலா. "இப்ப எங்க வேல பாக்கற?"

"ஆஸ்பத்திரில. கொழா கழுவுற ரூமு. ஹேச்சரி வேகத்துக்கு மூச்சுப் பத்தலன்னு, மெதுவாப் பாக்கற வேலையாக் குடுத்தாங்க."

நித்திலா சுவரில் சாய்ந்துகொண்டாள். "தூயன்தான். உன்ற துணில இருக்குது, தலமுடில இருக்குது, நீ மூச்சு விட்டா அதுலயே வருது. அவனுக்கு ஊசி போடலயில்ல? அவனுக்கு எரியுது. உன்ன ஆகாம அழுவல மிதுனா. எரியுதுன்னு அழுவுறான்."

மிதுனா குழந்தையைப் பார்த்தாள். அதன் கண்ணிலிருந்து தாரை தாரையாக நீர் வழிந்தது. அவள் அதை முகத்தோடு அணைக்கப் போனவள், சட்டென்று கையை நீட்டித் தள்ளிப் பிடித்தாள்.

"என்ன பண்ணட்டும்?"

"வேலைய விடு."

"விட்டுப்போட்டு?"

"எங்க களத்துக்கு வா. சொல்லி வெக்கறேன்."

"வெயில்ல நின்னு கிளர்றதுக்கு எனக்கு எங்க மூச்சு இருக்குது?" என்றாள் மிதுனா. குரல் உயர்ந்தது. "அதுவும் யாரால போச்சு? நீ முழுங்குன இருமலால! நீயே வந்து வேலைய விடுன்னு சொல்ற." கத்தியதில் களைத்துப்போய்க் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். குழந்தையின் அழுகை படியிறங்கி, தெரு முனை வரைக்கும் கேட்டுக்கொண்டே போனது.

நித்திலா களத்து முதலாளியிடம் பேசிப் பார்த்தாள். உட்கார்ந்தபடி சாக்கு தைக்கிற வேலை ஒன்று கேட்டுப் பார்த்தாள். அவர் யோசிக்கலாம் என்றார். யோசித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் ஆடி பிறப்பதற்கு முன் ஒரு நாள், சரி, வரச் சொல்லு என்றார்.

அதைச் சொல்லத்தான் அவள் மிதுனாவின் வீட்டுக்குப் போனாள். வீடு பூட்டியிருந்தது. தெரு முழுக்க ஸ்கூலுக்குப் போயிருப்பதாகப் பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். ஸ்கூலில் ஊசி முகாம். பந்தல் போட்டு, பலூன் கட்டி, கைக்குழந்தைகளோடு பெண்கள் நீள வரிசையில் நின்றார்கள். ஆஸ்பத்திரி நர்ஸுகள், பஸ் டிப்போ ஆட்களின் மனைவிகள், ஹேச்சரிப் பெண்கள் எல்லோரும் இருந்தார்கள். ஊசி போட்டு முடித்தவர்கள் மறுபக்கம் வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். எங்கும் இருமலே இல்லை. குழந்தைகளின் அழுகைகூட இந்தப் பக்கத்து வரிசையில் மட்டும்தான் இருந்தது.

"அக்கா!"

மிதுனா அவளை அப்படிக் கூப்பிட்டது அதுவே முதல் தடவை. மரத்தடியிலிருந்து கையைத் தூக்கிக் கூப்பிட்டாள். முகம் பூரித்திருந்தது. மடியில் குழந்தை அவள் தாலியைப் பிடித்து இழுத்து விளையாடிக்கொண்டிருந்தது.

"நீங்க சொன்னதுதானுங்க்கா. எரியுதுன்னு நீங்க சொன்னதைப் போயி டாக்டர்கிட்டச் சொன்னேன். அருள்வேலன் டாக்டரு. அப்பறம்தான் அவங்களுக்கே வெளங்குச்சாம், ஊரெல்லாம் எல்லாப் புள்ளைகளும் இப்படித்தான் அம்மாகிட்ட அழுவுதுன்னு. கவருமெண்டுக்கு எழுதி, கைக்கொழந்தைகளுக்கும் அமைதி ஊசி போட உத்தரவு வாங்கிட்டாங்க. எங்களுக்குத்தான் மொதல்ல. போன வாரம் போட்டாங்க, இன்னைக்குச் செக்கப்பு." அவள் குழந்தையின் கன்னத்தோடு கன்னம் வைத்து அழுத்தினாள். அது சிரித்தது. "பாருங்க. இப்ப நான்தான் வேணுங்கறான். எந்நேரமும் என்ற நெஞ்சு மேலயே படுத்துக்கறான்."

நித்திலாவுக்குச் சாக்கு தைக்கிற வேலையைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை.

"புடிங்க. தூக்குங்க," என்று மிதுனா குழந்தையை அவள் கையில் வைத்தாள்.

இளஞ்சூடான, கனமில்லாத உடம்பு. தலையில் எண்ணெய் வைத்து வாரியிருந்தது. அந்தத் தலையிலிருந்து, சட்டையிலிருந்து, அதன் வாயிலிருந்து, ஒரு காலத்தில் குஞ்சு ரூம் வாசலில் அடித்த அதே காரம் ஏறி வந்தது. நித்திலாவின் கண்கள் நிறைந்து வழிந்தன.

மிதுனா அவள் தோளைத் தொட்டாள். "அழுவாதீங்க்கா. போனது போச்சு. நான் எல்லாத்தையும் மறந்துட்டேன்."

இருமல் வந்தது. விழுங்கிவிடலாம், எப்படி விழுங்குவது என்று அவளுக்குத் தெரியும். விழுங்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு, வரிசையிலிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும்படி இருமினாள். "மிதுனா, இவன் மேல... இவனுக்குள்ள..." என்று ஆரம்பித்தாள், இருமல் பேசவிடவில்லை.

"யாரு அது? நோய வெச்சுக்கிட்டுப் பச்சப் புள்ளயத் தொடறது?" என்று மேசையிலிருந்து நர்ஸ் அதட்டினாள். தாய்மார்கள் குழந்தைகளை மார்போடு இறுக்கிக்கொண்டு விலகினார்கள். "அது மூக்கியாட்ட இருக்குது," என்றாள் ஒருத்தி. மிதுனாவின் சிரிப்பு போய்விட்டது. குழந்தையைப் பிடுங்கி வாங்கிக்கொண்டு, "போயிருங்க," என்றாள். "எங்களச் சந்தோசமா இருக்கவே உட மாட்டீங்களா? போயிருங்க!"

நித்திலா இருமியபடியே பின்னால் நகர்ந்தாள். மிதுனாவின் தோள்மேல் சாய்ந்திருந்த குழந்தை அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. அதன் இரண்டு கண்களும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன. அவற்றில் ஒரு சொட்டு நீர் இல்லை. அது சிரித்துக்கொண்டிருந்தது.